ஒரு விசயத்துக்கு ஒரு வசனம்

அவரை நாங்கள் கிளாக்கர் என்று கூப்பிட்டோம். அவருக்குப் பெயர் இருந்தது. அது அலுவலகத் தாள்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. மூன்றுமே பிழை என்று அவரே சொல்லுவார். அதனால் அதை இங்கே எழுதவில்லை.

ஸ்பிரிங்வேல் என்ற புறநகரில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு செங்கல் வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். கிளாக்கர், நான், திருகோணமலையிலிருந்து வந்த ஒருவன். அவனை ட்ரிங்கோ என்போம். மூவரும் படகில் வந்தவர்கள். 2012ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டபோது ஆளுக்கொரு தற்காலிக விசா தந்தார்கள். வேலை செய்யலாம் என்று அதில் இருந்தது. ஆனால் சில மாதங்களில் முடியப்போகிற தாளைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை. நான் கிடைத்ததைச் செய்தேன். சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கினேன். ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் பதினொரு நாள் பெட்டிக்கு நாடா ஒட்டினேன். வேலை இல்லாத நாள்களில் நடந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் ஓரிடத்தில் இருந்ததில்லை. மன்னார்க் கடற்கரை, மண்டபம் முகாம், மலேசியா, பிறகு படகு.

கிளாக்கர் அதற்கு நேர்மாறு. அவர் வீட்டை விட்டுப் போவதில்லை. சந்தைக்குப் போனாலும் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிடுவார். அந்த நேரம் பார்த்து மின்னஞ்சல் வந்துவிடும் என்று பயம். "வந்தா அங்கயே கிடக்கும் அண்ணை, பால்காரன் மாதிரித் திருப்பிக் கொண்டுபோக மாட்டான்" என்று ட்ரிங்கோ சொல்லுவான். அவர் சிரிக்கமாட்டார்.

குசினியில் யன்னலோரம் அவருடைய கதிரை. மேசையில் ஒரு பழைய மடிக்கணினி. கோயிலில் ஒரு வெள்ளைக்கார அம்மா தந்தது. அதில் மின்னஞ்சல் எழுதுகிற நிரல் ஒன்று இருந்தது. அதற்குள்ளேயே அகராதியும் மொழிபெயர்ப்பும் இருந்தன. எழுதிய சொல்லின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் அதே கருத்துள்ள வேறு சொற்கள் வரிசையாக விழும். இன்னொரு விசையைப் பிடித்துக்கொண்டு சொல்லைத் தொட்டால் திரையின் ஓரத்தில் ஒரு பலகை திறந்து, கேட்ட மொழியில் அதைச் சொல்லும். வேறு சொற்களுக்கு இணையம் தேவையில்லை, மொழிபெயர்ப்புக்குத் தேவை. ஆகவே இணையத்துக்கான டொங்கிளைச் சட்டைப்பையில் வைத்திருந்து, தேவையான நேரம் மட்டும் செருகுவார்.

அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. இல்லை என்று தெரிந்தும் அவர் ஒவ்வொரு முறையும் கீழே வரை உருட்டிப் பார்ப்பார்.

"சுவீடன்காரனுக்கும் தாய்லாந்துக்காரனுக்கும் நடுவில நாங்கள் நிக்கவேணும் தம்பி. இடம் விடேல்ல."

பிறகு மேலே போய் அரபியை எடுப்பார். சவூதியில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் கிளாக்கராகப் பதினொரு வருடம் கடிதம் எழுதின ஆள் அவர். அரபி பேசுவார், மெதுவாக வாசிப்பார். ஆங்கிலத்தில் எழுதுவார், அதை அரபியாக்கிப் பார்ப்பார். அரபியில் தான் நினைத்தது வந்திருந்தால் ஆங்கிலம் சரி. வராவிட்டால் வேறு சொல்.

"வெள்ளைக்காரனுக்கு எழுதுறதை ஏன் அண்ணை சவூதிக்கு அனுப்பிப் பாக்கிறீங்கள்?" என்று ட்ரிங்கோ கேட்டான்.

"தராசுக்கு ரெண்டு தட்டு வேணும்" என்றார் கிளாக்கர்.

முதலில் வந்த சொல்லை அவர் ஒருபோதும் விடமாட்டார். அது எல்லாருடைய வாயிலும் கிடக்கிற சொல் என்பார். வெறும் சொல்லோடு அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் போடுவது வீட்டில் கட்டுகிற சாரத்தோடு அங்கே போய் நிற்கிற மாதிரி. பட்டியலை விழுத்தி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, கனமானதை எடுப்பார். அப்படி ஒரு வசனம் சரியாக அமைந்துவிட்டால் பிறகு அதில் கை வைக்கமாட்டார். 'மாதிரி' என்று ஒரு கோப்புறை வைத்திருந்தார். சரியான வசனங்கள் அதற்குள் போகும்.

"ஒரு விசயத்துக்கு ஒரு சரியான வசனம்தான் இருக்கு. அதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். கண்டுபிடிச்சாப் பிறகு மாத்துறது மடைத்தனம்."

அவர் சொன்னதை நாங்கள் நம்பினோம். நம்புவதற்குக் காரணம் இருந்தது. குளியலறைக் குழாய் ஒழுகியது. வீட்டுக்குப் பொறுப்பான ஏஜென்டிடம் நான் மூன்று கிழமையாகத் தொலைபேசியில் சொல்லியும் யாரும் வரவில்லை. கிளாக்கர் ஒரு காலை முழுக்க இருந்து நாலு வரி எழுதினார். ஒழுகுவதற்கு மட்டும் பட்டியலில் ஏழாவது சொல்லை எடுத்ததாகச் சொன்னார். அடுத்த நாள் குழாய்க்காரன் வந்துவிட்டான். வேலை முடிந்து போகும்போது, உங்களில் யார் வழக்கறிஞர் என்று கேட்டான். ட்ரிங்கோ கிளாக்கரைக் காட்டினான். அவர் சாரத்தோடு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆள்கள் வந்தார்கள். அவர் யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. வசனத்தை வாசித்துக் காட்டும்போது எங்கள் முகத்தைப் பார்ப்பார். அது போதும் அவருக்கு.

எங்கள் விசா வழக்குகளைப் பார்த்த குடிவரவு ஏஜென்ட் பெண்ணுக்கு நிறையக் கோப்புகள் இருந்தன. அகதி நேர்காணலுக்கு முன்னால் மேலதிக விபரம் ஏதாவது சொல்ல விரும்பினால் முடிவு எடுக்கிற அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று பின்னேரம் கிளாக்கர் எனக்காக ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"சொல்லும்."

நான் சொன்னேன். சண்டை முடிந்த அடுத்த வருடம் என்னைப் பிடித்தார்கள். என்னுடைய படகில் ஆள்களை இந்தியாவுக்கு ஏற்றினேன் என்று குற்றச்சாட்டு. படகு இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கடற்கரையில் வேலை நின்றுபோன ஒரு ஐஸ் தொழிற்சாலை இருந்தது. அங்கே பத்தொன்பது நாள். மீனுக்குப் போடுகிற உப்பை ஐஸ் கட்டியில் கொட்டி அதன் மேல் வெறுங்காலோடு நிற்க வைத்தார்கள். என் இடது காலில் இரண்டு விரலுக்கு இன்றைக்கும் உணர்ச்சி இல்லை.

அவர் விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்தார்.

"இதை எப்பிடி எழுதுறது?"

"நடந்ததை எழுதுங்கோ அண்ணை."

"ஐஸ் எண்டா அவன் ஐஸ்கிறீம் கடை எண்டு நினைப்பான். விசாரணை எண்டா விசாரணை மாதிரி இருக்கவேணும்." மாதிரிக் கோப்புறையைத் திறந்தார். "இதுக்கு என்னட்டை வசனம் இருக்கு."

அந்த வசனத்தை அவர் எனக்குத் தமிழில் சொன்னார். 'சட்டத்துக்குப் புறம்பாகத் தடுத்து வைக்கப்பட்டு, வெளியுலகத் தொடர்பு முற்றாகத் துண்டிக்கப்பட்ட நிலையில், மனிதத்தன்மையற்ற முறையில் இடைவிடாது நடத்தப்பட்டேன்.' அதற்குப் பின்னால் இன்னும் நாலு வசனம். மனப்பாடம் செய்யச் சொன்னார். தாளில் ஒன்று, வாயில் ஒன்று இருக்கக்கூடாதாம். நான் சந்தையில் கோவாப் பெட்டி இறக்கும்போது அதைச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல நன்றாக இருந்தது. யாரோ ஒரு பெரிய மனிதருக்கு நடந்த விசயம் மாதிரி இருந்தது.

நேர்காணலில் தடக்குப்படாமல் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி கேட்டாள். இல்லை என்றேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதில் வந்தது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கிளாக்கர் டொங்கிளைச் செருகி, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு அரபியில் வாசித்தார். வழக்கமாக வாசிக்கும்போது மெல்ல முணுமுணுப்பார். அன்று சத்தமே இல்லை. ஒரே வரிக்குத் திரும்பத் திரும்பப் போனார்.

"என்ன அண்ணை?"

"நீர் சொன்னதெல்லாம் கிடைச்சிட்டுதாம்."

நான் வெங்காயத்தை வெட்டினேன்.

வியாழக்கிழமை ட்ரிங்கோ பொயிண்ட் குக்கிலிருந்து வந்தான். அங்கே ஒரு இந்தியத் தமிழ்க் குடும்பத்தின் வீட்டு வேலிக்குப் பெயின்ட் பூசப் போயிருந்தான். தனக்கு வந்த மின்னஞ்சலை அந்த வீட்டு அக்காவிடம் கொடுத்து வாசிப்பித்திருக்கிறான். அவ சொன்னதை அவவின் குரலிலேயே சொல்லிக் காட்டினான்.

"'தம்பி, உங்க ஸ்டேட்மென்டும் இன்னும் மூணு பேரோடதும் வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணா இருக்காம். இது உங்க சொந்த அனுபவம்தானான்னு சந்தேகப்படுறாங்க. பதினாலு நாள்ல பதில் சொல்லணும்.' விளங்கிச்சோ? எனக்கு மட்டும் வந்ததில்லை இது."

நான் கிளாக்கரைப் பார்த்தேன். அவர் யன்னலைப் பார்த்தார்.

"எனக்கு வந்ததும் இதுதானோ அண்ணை?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்ல?"

"பதிலை எழுதிப்போட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தனான்." மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். வணக்கம் சொல்கிற முதல் வரி மட்டும் இருந்தது.

"பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி நாலு பேருக்கும் ஒரே யூனிபோம் தைச்சிருக்கிறீங்கள்" என்றான் ட்ரிங்கோ. "இப்ப கேக்கிறான், இதுக்குள்ள ஆர் ஆர் நிக்கிறீங்கள் எண்டு."

"வசனத்தில பிழை இல்லை" என்றார் கிளாக்கர்.

ட்ரிங்கோ எழும்பினான். வெளியே போய் மதிலில் குந்தியிருந்தான்.

அதிகாரி நம்பாவிட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மறுப்பு, பிறகு முகாம், பிறகு விமானம். என்னைத் தேடி அந்தக் கடற்கரைக்கு இரண்டு தரம் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆகவே நான் பதிலுக்காகக் காத்திருந்தேன். கிளாக்கர் காலையில் உட்காருவார், இருட்டும்போது எழுந்திருப்பார். ஒரு வரி எழுதுவார். அதில் ஒரு சொல்லைத் தொடுவார், பட்டியல் விழும், வேறொன்றை எடுப்பார். அதைத் தொடுவார், இன்னொரு பட்டியல் விழும். மூன்றாவது நாள் அவர் முதலில் தொடங்கிய சொல்லிலேயே வந்து நிற்பதைக் கண்டேன். சோறு போட்டு வைத்தால் அப்படியே கிடக்கும். வீட்டுக்குள் இருக்க முடியாமல் நான் டண்டினோங் வரை நடந்து போய்த் திரும்பி வருவேன். வந்து பார்த்தால் அதே வரி.

இன்னும் மூன்று நாள் இருந்தபோது அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணை, அந்த வசனத்தை முதல் முதல் ஆருக்கு எழுதினீங்கள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத்தான்."

தடுப்பு முகாமில் இருந்தபோது எழுதியதாம். கணினி அறையில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் விடுவார்கள். நாலு மாதம் எடுத்திருக்கிறது. ஊரில் அவரை ஏழு மாதம் ஒரு அறையில் பூட்டி வைத்திருந்தார்கள் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

"மற்றவைக்கு நான் என்ரயைத்தான் தந்தனான்" என்றார். "என்னட்டை நல்லதெண்டு அதுதான் இருந்தது."

அவருடைய நேர்காணல் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

"அப்ப அதை எழுதுங்கோ. வசனம் உங்கட எண்டு எழுதுங்கோ."

"எழுதினா என்ர பைலில ஏறும் தம்பி. நாலு பேருக்குக் கதை எழுதிக் குடுத்தவன் எண்டு."

எனக்கு அது விளங்கியது. விளங்கித்தான் சொன்னேன். அதை இங்கே மறைத்து எழுதுவதில் பயனில்லை. அந்த நேரத்தில் அவரைவிட எனக்கு என் கால் விரல் பெரிது.

"எழுதுங்கோ அண்ணை" என்றேன்.

அவர் என்னிடம் ஐஸ் தொழிற்சாலையைப் பற்றித் திரும்பக் கேட்டார். கட்டி எவ்வளவு பெரிது, உப்பு எந்தச் சாக்கில் இருந்தது, எந்தப் பக்கம் கடல். நான் சொன்னதை அப்படியே எழுதினார். ஒருமுறை கை மவுஸுக்குப் போனது. பட்டியல் விழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றையும் எடுக்காமல் மூடினார். கடைசியில் தன் பெயரையும் கோப்பு இலக்கத்தையும் போட்டு, முதலில் வந்த வசனங்களை எழுதியது தான் என்றும் அவை இவருடையவை அல்ல என்றும் எழுதினார். அந்த ஒரு வரியை மட்டும் அரபியாக்கிப் பார்த்தார்.

"அங்கயும் அதுதான் சொல்லுது" என்றார். அனுப்பினார்.

மற்ற மூன்று பேருக்கும் அன்றைக்கும் அடுத்த நாளும் இருந்து எழுதினார். நாலிலும் அந்தக் கடைசி வரி ஒரே வரிதான்.

என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அதிகாரி நடந்ததைச் சொல்லச் சொன்னாள். வாயைத் திறந்தால் கிளாக்கரின் வசனம்தான் வருகிறது. சட்டத்துக்குப் புறம்பாக என்று தொடங்கி நிறுத்தினேன். திரும்பத் தொடங்கினேன், திரும்ப அதுவே. பிறகு சப்பாத்தைக் கழற்றலாமா என்று கேட்டேன். காலைக் கண்டதும் உப்பு ஞாபகம் வந்தது, மீதி தானாக வந்தது. ஒரு வைத்தியரிடம் அனுப்பிக் காலைப் பார்க்க வைத்தார்கள். சில மாதத்தில் எனக்கு விசா கிடைத்தது. ட்ரிங்கோவுக்கும் கிடைத்தது.

கிளாக்கரின் நேர்காணல் அதற்கு இடையில் நடந்தது. போவதற்கு முதல் நாள் நானும் ட்ரிங்கோவும் அவரிடம் கெஞ்சினோம்.

"வேற மாதிரிச் சொல்லுங்கோ அண்ணை. அந்த வசனம் வேண்டாம். அது இப்ப எங்கட வாய்ப்பட்ட எச்சில்."

"எனக்கு நடந்தது அதுதானே" என்றார். "நடந்ததை எப்பிடி மாத்துறது?"

சட்டையை அழுத்திப் போட்டுக்கொண்டு போனார். வந்து, எல்லாம் வடிவாகச் சொன்னேன் என்றார்.

அவருடைய மறுப்பு ஒரு காலையில் வந்தது. ஆறு பக்கம். பக்கத்தில் இருந்து நானும் பார்த்தேன். சொல் சொல்லாகத் தொட்டு, அரபியில் வாசித்து, எனக்குத் தமிழில் சொன்னார். விண்ணப்பதாரரின் கூற்று வேறு பலரின் கூற்றுகளோடு ஒத்திருக்கிறது. அவற்றைத் தானே எழுதியதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தன் அனுபவம் என்று அவர் சொல்வதில் அனுபவித்த ஒருவர் மட்டுமே அறியக்கூடிய விபரம் எதுவும் இல்லை. வாசித்து முடித்ததும் டொங்கிளைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"நல்ல இங்கிலீசு" என்றார். "ஒரு சொல்லும் மாத்தத் தேவையில்லை."

மேன்முறையீடு செய்யத் தவணை இருந்தது. எனக்கு வடக்கே ஆற்றங்கரைப் பழத்தோட்டம் ஒன்றில் வேலை சரிவந்திருந்தது. அடுத்த நாள் பஸ். பையைக் கட்டிக் கதவடியில் வைத்துவிட்டேன். கட்டிய பையோடு இன்னொரு நாள் ஒரு வீட்டில் இருப்பது எனக்குப் பழக்கம் இல்லை. இருந்தாலும் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு இருந்தேன். மேன்முறையீட்டுக்கு எழுதச் சந்தையில் ஒரு கொப்பி வாங்கிவந்தேன். மடிக்கணினியை எடுத்துக் குளிர்பெட்டியின் மேல் வைத்தேன். எனக்கு ஆங்கிலம் எழுதத் தெரியாது, தமிழ் எழுதுவேன். அதைப் பிறகு யாராவது மாற்றட்டும்.

"சொல்லுங்கோ அண்ணை. அந்த அறை எப்பிடி இருந்தது?"

"சட்டத்துக்குப் புறம்பாகத் தடுத்து வைக்கப்பட்டு..."

"அது வேண்டாம். அறையைச் சொல்லுங்கோ."

"வெளியுலகத் தொடர்பு முற்றாக..."

"அண்ணை."

நிறுத்தினார். அவருடைய வலது கை மேசையில் மவுஸ் இருக்கும் இடத்தில் கிடந்தது. மவுஸ் அங்கே இல்லை. விரல் மட்டும் இரண்டு தரம் அழுத்தியது. கிரான்போர்ன் பக்கம் போகிற ரயில் ஒன்று போனது. பிறகு நகரத்துக்குப் போகிற ஒன்று. கிளாக்கர் கதிரையைப் பின்னால் தள்ளினார். எழும்பப் பார்த்தார். நான் அவர் முழங்காலில் கையை வைத்தேன். திரும்ப இருந்தார்.

"கதவு" என்றார்.

நான் கதவு என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் புள்ளி வைக்காமல், பேனையைத் தாளிலிருந்து எடுக்காமல் இருந்தேன்.